மரப்பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது?

போன மாதம் ஆம்பூர் போயிருந்தேன். ஷூ கம்பெனி வைத்திருக்கும் மாமா ஒருவர், வீட்டுக் கொல்லையில் போன வருஷம் போட்ட பேட்மிண்டன் கோர்ட்டைக் காட்டினார். மேலே தகரக் கூரை, மூன்று பக்கம் திறப்பு, கீழே பளபளவென்று தேக்குப் பலகை. "டிவியில காட்டுற மாதிரியே இருக்கா?" என்றார். இருந்தது. ஆனால் நடந்தபோது பலகைகளின் விளிம்பு காலில் தட்டியது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஓரங்கள் தூக்கிக்கொண்டனவாம். தச்சரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

தப்பு தச்சர் மேல் மட்டும் இல்லை என்பது என் கட்சி. தோல் ஈரத்தை இழுக்கும், காய்ந்தால் சுருங்கும் என்பது டேனரியில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும். மரமும் அப்படித்தான். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது; அகலவாக்கில் விரியும், சுருங்கும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர், மழைக்காலத்தில் ஈரக்காற்று. சிமெண்டிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கத் தாள் விரிக்கவில்லை, சுற்றி இடைவெளியும் விடவில்லை. பலகை வேறு எங்கே போகும்?

இதைவிடப் பெரிய கேள்வி, மரம் எதற்கு என்பது. "முட்டிக்கு நல்லது" என்றார் மாமா. மூட்டைக் காப்பது தேக்கு அல்ல, தேக்குக்குக் கீழே இருப்பது: குறுக்குச் சட்டங்கள், ரப்பர் கட்டைகள், காற்றிடைவெளி. உள்ளரங்கத் தளங்களுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 14904, கான்கிரீட்டோடு ஒப்பிட்டுக் குறைந்தது 25 சதவீத அதிர்ச்சியையாவது தளம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. சிமெண்டில் நேராக ஒட்டிய பலகை பார்வைக்குத்தான் மரம், காலுக்கு ஏறக்குறைய சிமெண்ட்தான். அவர் பையன் இப்போது முட்டி வலி என்கிறான். காரணம் தளம்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முட்டிக்காகச் செலவழித்தவர் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

இறகுப்பந்து கூரைக்குள் போனதற்குக் காரணம் உண்டு. 5 கிராம் எடையுள்ள இறகு காற்றில் அலையும். மூன்று பக்கம் திறந்த கொட்டகையில் அந்தப் பிரச்சினையும் தீரவில்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் ஆடும் பால் பேட்மிண்டனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. கம்பளி நூல் பந்து, மண் தரை, 24 மீட்டருக்கு 12 மீட்டர், பக்கத்துக்கு ஐந்து பேர். கொல்லையில் அவ்வளவு இடம் இல்லைதான். கம்பெனிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் காலி இடத்தில் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வருகிற பத்துப் பேர் ஆடலாம். மரக்கோர்ட்டில் நாலு பேருக்கு மேல் ஆட முடியாது, அதுவும் வீட்டு ஆட்கள் மட்டும்.

மரத்தளம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவர் எழுப்பி, ஈரம் தடுத்து, அடிச்சட்டம் கொடுத்துப் போட்டால் அதற்கு ஈடு இல்லை. அதற்கு வசதியில்லை என்றால், மண்ணைச் சமன் செய்து தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுவதே மேல். "மண்ணுல ஆடினா யார் மதிப்பாங்க?" என்றார் மாமா. அவர் கோர்ட் போட்டது ஆடுவதற்கா, காட்டுவதற்கா என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.