மகளுக்கு ஒரு வரி

கவிதை நூலுக்கு மதிப்புரை எழுதுவர். கதை நூலுக்கு எழுதுவர். தோழர்களே, நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் உயில்! அம்பாசமுத்திரத்துப் பக்கம், என் மாணவன் ஒருவனின் தாயார், தம் தந்தை எழுதிவைத்துச் சென்றதைக் கொணர்ந்து, "சார், இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டார்.

"நல்ல நினைவோடும் பிறர் தூண்டுதலின்றியும்" என்று தொடங்கும் நடையில் மிடுக்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மூத்தவனுக்கு, காரும் பிசானமும் தவறாத ஆற்றுப்பாசன நஞ்சை. இளையவனுக்கு வீடும் தோப்பும். சாஸ்தா கோயில் பங்குனி உத்திரக் கட்டளைக்கு ஐந்து மரக்கால் விதைப்பாடு. அதைப் பரிபாலிக்க 'மூத்த ஆண் வாரிசு'. மகளுக்கோ ஒரே வரி: மணத்தின்போது சீர் செய்தாகிவிட்டது, ஆதலால் பாத்தியம் இல்லை. ஆண்டுக்கொருமுறை பொங்கலிடும் சாமிக்குப் பங்குண்டு. படுக்கையில் கிடந்த தந்தைக்குக் கஞ்சி ஊட்டிய மகளுக்கு இல்லை!

கேட்டால், பரம்பரை வழக்கம் என்பர். எந்தப் பரம்பரை? 'உயில்' என்ற சொல்லே ஆங்கிலத்தின் கொடை. பழைய தர்ம சாத்திரங்கள் அறியாத இம்முறை, வெள்ளையர் நீதிமன்றங்களில் வளர்ந்தது. 1870-இல் இந்துக்களின் உயிலுக்கெனத் தனிச் சட்டமும் வந்தது. கற்றுக்கொடுத்த இங்கிலாந்திலோ, உயிலில் போதிய ஏற்பாடு இல்லையெனில், மணமான மகளும் பராமரிப்புக் கோரி நீதிமன்றம் செல்ல 1975-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. அவ்வளவு தொலைவு ஏன்? மேலப்பாளையத்து முஸ்லிம் பெரியவர், கடன் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல், வாரிசுகளின் இசைவின்றி, உயிலால் எழுத முடியாது. அங்கும் மகளுக்கு மகன் பங்கில் பாதிதான். ஆயினும் அந்தப் பாதியை உயில் விழுங்க முடியாது.

நம் சட்டம் என்ன செய்தது? 1989-இல் தமிழ்நாடு, மணமாகாத மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளியாக்கியது. 2005-இல் நாடாளுமன்றம் எல்லா மகளிருக்கும் அவ்வுரிமையை விரித்தது. அதற்கு அந்த ஆண்டில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆனால் 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அப்படியே நிற்கிறது! தன் சம்பாத்தியம் முழுவதையும், பூர்வீகத்தில் தன் பங்கையும், யாருக்கும் எழுதிவைக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. சட்டமன்றம் தந்ததை இரண்டு சாட்சிகளோடு திண்ணையிலேயே துடைத்துவிடலாம். விதவையும் மணமாகாத மகளும் பராமரிப்பாவது கேட்கலாம். சீர் வாங்கியவள் என்ற பெயரெடுத்தவளுக்கு அதுவும் இல்லை. உயிலின் கை எட்டாத பங்கொன்றை மகளுக்கு ஒதுக்கும்வரை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதிச் சீர்திருத்தமே.

எனினும் அந்த அம்மையாரின் வழக்கு முடிந்துவிடவில்லை. தன் பங்குக்குமேல் எழுத எந்தத் தந்தைக்கும் அதிகாரமில்லை. மூத்தவனுக்குப் போன நஞ்சை கொள்ளுப்பாட்டனார் காலத்தது என்கிறார். அது கூட்டுக் குடும்பச் சொத்தாகவே நீடித்ததா என்று பார்க்க வேண்டும். பழைய பத்திர நகலுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் மனு எழுதிக் கொடுத்தேன். கையெழுத்திடுமுன் அவர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணன் வீட்டு வாசல் இனி எனக்குத் திறக்குமா?"