மோரா ஊர்க் கத்தி

விலை குறைந்த கத்தி ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது, செய்தவர் எங்கே சிக்கனம் பிடித்திருக்கிறார் என்பதைத்தான். எங்கோ பிடித்துத்தான் இருப்பார். இல்லாவிட்டால் அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது. எஃகிலும் அதன் தோய்ச்சலிலும் கைவைத்துவிட்டு, முதுகில் ரம்பப் பல், அலகில் கறுப்புப் பூச்சு, பிடிக்குள் பொந்து, பொந்தின் மூடியில் திசைகாட்டி என்று அடுக்கி விற்கும் கத்திகள் சந்தையில் ஏராளம். அவற்றால் ஒரு பச்சைக் குச்சியை ஒழுங்காகச் சீவ முடியாது. மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்து, வெட்டுவாயில் மட்டும் எதையும் குறைக்காத கத்தி ஸ்வீடனில் இருந்து வருகிறது. மரத்தைச் சீவி, முளை செதுக்கி, நெருப்பு மூட்டிக் காட்டில் தங்கும் கலையைப் புஷ்கிராஃப்ட் என்கிறார்கள். அதற்கு முதல் கத்தியாக எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது மோராவைத்தான்.

மோரா ஒரு ஊரின் பெயர். டாலார்னா மாகாணத்தில் சில்யான் ஏரிக்கரையில் இருக்கிறது. அதை அடுத்த ஓஸ்ட்னோர் கிராமத்தில் 17-ம் நூற்றாண்டிலிருந்தே கத்தி அடித்துவந்தார்கள். வட அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஃப்ரொஸ்ட் எரிக் எர்சன் 1891-ல் அங்கே ஒரு பட்டறை தொடங்கினார். அங்கே முதலில் செய்யப்பட்டவை மரம் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிகள். கத்தி பின்னால் வந்தது. 1912-ல் அதே கிராமத்தில் கே.ஜே. எரிக்சன் என்ற இன்னொரு கத்தி நிறுவனம் எழுந்தது. நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்தில் போட்டி போட்ட இரண்டும் 2005-ல் ஒன்றாயின. இன்று அதன் பெயர் மோராக்னிவ். சிவப்புச் சாயம் பூசி, நடுவில் சற்றே பருத்த பிர்ச் மரப் பிடி கொண்ட பழைய மாதிரி இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்து நூஸ்னெஸ் கிராமத்தில் உலகமறிந்த டாலா மரக்குதிரைகளை இன்றும் கத்தி கொண்டு கையால்தான் செதுக்குகிறார்கள். மரம் செதுக்குவதற்கு என்ன வேண்டும் என்பது அந்த வட்டாரத்துக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

இந்தக் கத்தியின் விலைக்குக் காரணம் அதன் வாடிக்கையாளர்கள். ஸ்வீடனில் இதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தச்சர்கள், மின்பணியாளர்கள், கட்டட வேலைக்காரர்கள், மீனவர்கள். வேலை உடுப்பின் பொத்தானில் உறையை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அட்டையும் கம்பியுறையும் மரமும் வெட்டுகிறவர்கள். அவர்களுக்குக் கத்தி ஒரு செலவுப் பொருள். தொலைந்தால் மறுநாளே இன்னொன்று வேண்டும். அதனால் நிறையச் செய்கிறார்கள், மலிவாகவும் தர முடிகிறது. காட்டுக்குப் போகிறவர்கள் இதைக் கண்டெடுத்தது பிற்பாடு. கனடாவின் மோர்ஸ் கொச்சான்ஸ்கி, வடகாட்டு வாழ்க்கையைப் பற்றி 1980-களில் எழுதிய புத்தகத்தின் வழியாக ஒரு தலைமுறைக்கே கத்தி பிடிக்கச் சொல்லித்தந்தவர். பெரிய பட்டாக்கத்தி மோகத்தை அவர் ஏற்கவில்லை. அலகின் நீளம் உள்ளங்கை அகலம் இருந்தால் போதும் என்றார். சாதாரண மோராவையே கையாண்டும் காட்டினார்.

சிக்கனம் எங்கே என்று பார்க்கலாம். கம்பேனியன் என்ற மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 20 டாலரை ஒட்டிய விலை. அலகு சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், ஸ்டெயின்லெஸ் வகையில் 2.5 மில்லிமீட்டர் கனம். பிடிக்குள் போகும் இரும்பு அலகின் முழு அகலத்துக்கு இல்லை. ஒடுங்கிய தண்டாக உள்ளே போய்ப் பிடியின் கடைசிக்கு முன்பே நின்றுவிடும். அதைச் சுற்றி உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றிப் பிடியை வார்க்கிறார்கள். ஆணி கிடையாது, பசை கிடையாது, மெருகேற்றும் கைவேலை கிடையாது. உறையும் வார்த்த பிளாஸ்டிக். அழகு என்று தனியாக எதுவும் செய்து வைக்கவில்லை. ஆனால் ரப்பர் கலந்த அந்தப் பிடி ஈரக் கையிலும் வழுக்காது, குளிரில் விறைத்த விரலையும் உறுத்தாது. நுண்மையாகச் செதுக்கிய விலையுயர்ந்த மரப் பிடிகள் பலவற்றை விட மணிக்கணக்கில் பிடித்திருக்க இதுவே சுகம் என்பேன்.

இப்போது வெட்டுவாய். சமையலறைக் கத்தியின் அலகு முதுகிலிருந்து கீழ்நோக்கி மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு குறுகிய சரிவில் கூராகும். மோராவில் அப்படி இல்லை. அலகின் இரு பக்கமும் தட்டையாகவே வந்து, கீழே ஒரு கோட்டில் மடிந்து, அங்கிருந்து ஒரே அகலச் சரிவாகக் கூரில் முடிகிறது. ஸ்காண்டிநேவிய வடிவம் என்று இதற்கே பெயர். மரத்தின் மேல் அந்தச் சரிவைப் படிய வைத்தால் தச்சரின் உளி உட்காருவதுபோல உட்காரும்.

கட்டைவிரல் கனத்தில் பிளந்த, காய்ந்த பைன் குச்சி ஒன்றை ஒரு கட்டைமேல் செங்குத்தாக ஊன்றுங்கள். சரிவை அதன் விளிம்பில் படிய வைத்து, மணிக்கட்டை அசைக்காமல், தோளின் பாரத்தில் கத்தியைக் கீழே இறக்குங்கள். மெல்லிய சீவல் ஒன்று சுருண்டு எழும். அடி வரை போய் அறுத்துவிடாமல் ஒரு விரல்கடை முன்பே நிறுத்தி, குச்சியை இம்மி திருப்பி, முந்தின சீவல் விட்டுப்போன முனையிலேயே அடுத்ததைத் தொடங்க வேண்டும். கத்தியை ஒரு மயிரிழை நிமிர்த்தினால் வாய் மரத்துக்குள் இறங்கும். ஒரு மயிரிழை படுக்க வைத்தால் மேலே ஏறி வெளியே வந்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோணத்தைச் சரிவே கைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. நான் இந்தக் கத்தியை நேசிப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் குச்சியின் நுனியில் சுருள் சுருளாக ஒரு கொத்து சேர்ந்துவிடும். ஈர மழைக்காலத்திலும் அதில் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

தீட்டுவதற்கும் அதே சரிவுதான் வழிகாட்டி. கோணத்தைக் கணக்குப் போட வேண்டாம். நனைத்த சாணைக்கல்லில் சரிவை வைத்து, அதன் மேல் இரண்டு விரலால் அழுத்தினால் தட்டென்று படிவது தெரியும். அப்படியே தள்ளுங்கள். சந்தேகமானால் சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொள்ளலாம். எங்கே மை அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. மறுபக்கத்தில் விரல் வைத்தால் பிசிறு தட்டும் வரை ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. புதுக் கத்தியில் கூரை ஒட்டி இன்னொரு நுண்ணிய சரிவு இருப்பதுண்டு. முதல் சில தீட்டல்களில் அது மறைந்துவிடும், அவசரப்பட வேண்டாம்.

எஃகில் இரண்டு வகை. ஸ்டெயின்லெஸ் வகையில் நெடுங்காலமாகப் புகழ்பெற்றது சாண்ட்விக் நிறுவனம் உருவாக்கிய 12சி27, ஏறத்தாழ 0.6 சதவீதம் கார்பனும் 13.5 சதவீதம் குரோமியமும் உள்ள எஃகு. கார்பன் எஃகு அலகு ராக்வெல் அளவில் 58 முதல் 60 வரை கடினம். ஸ்டெயின்லெஸ் அதற்கு இரண்டு புள்ளி கீழே. கார்பன் கல்லில் சீக்கிரம் கூராகும், ஆனால் ஈரத்தோடு உறையில் போட்டால் மறுநாள் காலையில் துருப்புள்ளி நிற்கும். வினிகரில் ஊறவைத்துச் சாம்பல் நிறம் ஏற்றி, எண்ணெய் தடவி வளர்க்கப் பொறுமை உள்ளவர்கள் அதை எடுக்கட்டும். மழைக்காட்டிலும் கடலோரத்திலும் புழங்குகிறவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் போதும். கூரில் தெரியும் வித்தியாசம் பேச்சில் சொல்லப்படும் அளவுக்குப் பெரிதல்ல.

குறைகளும் உண்டு. கம்பேனியனின் முதுகு விளிம்பு மழுங்கலானது. நெருப்பு மூட்டப் பொறி எழுப்பும் தீக்கம்பியை அதில் உரசினால் பொறி சரியாகப் பறக்காது. அரத்தால் முதுகை நேர்கோணமாக ராவிக்கொண்டால் தீரும். தண்டு முழு நீளம் இல்லாததால், முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மணிக்கட்டுக் கனமுள்ள, கணு இல்லாத, காய்ந்த கட்டையைத் தாங்கும்; அதற்கு மேல் என்றால் கோடரி எடுக்க வேண்டும். அடித்துப் பிளப்பதற்காகவே 3.2 மில்லிமீட்டர் கன அலகு கொண்ட ஹெவி டியூட்டி வகையைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். முழுத் தண்டு கேட்பவர்களுக்குப் பல மடங்கு விலையில் மோராவின் கார்பெர்க் என்ற மாதிரி இருக்கிறது. இரண்டும் உறுதியானவைதான். ஆனால் அலகு கனக்கக் கனக்கச் சீவல் தடிக்கிறது, மெல்லிய குச்சி வெட்டும் முன்பே பிளந்துவிடுகிறது. காட்டில் கத்திக்கு விழும் வேலையில் பெரும்பகுதி சீவுவதும் செதுக்குவதும்தான். அதனால் மெல்லியதையே எடுங்கள் என்பது என் தீர்ப்பு.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வாய்த்தால், வாயை மேலே திருப்பி விளக்கொளியில் நீள வாட்டில் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. எங்காவது வெள்ளையாக மினுங்கினால் அங்கே மழுங்கல். பிறகு இரு பக்கச் சரிவும் ஒரே அகலமா என்று பாருங்கள். மலிவுக் கத்தியில் இயந்திரம் சறுக்கியிருந்தால் அது இங்கேதான் தெரியும். முதுகின் மேல் கண்ணை ஓட்டினால் வளைவு இருந்தால் தெரிந்துவிடும். உறையில் போட்டுத் தலைகீழாக ஆட்டினால் விழக் கூடாது. புதியவர்கள் விரல் முன்னே வழுக்காமல் தடுக்கும் மேடு உள்ள பிடியாகப் பார்த்து வாங்குவது நல்லது. விலையுயர்ந்த கத்திக்கென்று ஒதுக்கி வைத்த பணம் மிஞ்சியிருந்தால், 1000 இலக்கக் கல் ஒன்றும், சுமார் 6 செ.மீ. நீள அலகு கொண்ட மோராவின் சின்னச் செதுக்குக் கத்தி ஒன்றும் அதில் வாங்கிவிடலாம். கரண்டி, முளை, கண்ணிக்கான பொறிக்குச்சி என்று சின்ன வேலைக்கு இறங்கும்போது அந்தச் செதுக்குக் கத்தி வேண்டியிருக்கும்.