சிடி புள்ளி புள்ளி

புது இயந்திரத்தில் நுழைந்ததும் நான் செய்யும் முதல் வேலை, ஒரு சிம்லிங்க் வழியாக உள்ளே போய் ‘சிடி ..’ அடித்துப் பார்ப்பது. வந்த வழியே வெளியே விட்டால் அந்த ஷெல்லோடு குடித்தனம் நடத்தலாம்.

இந்தப் பண்பைக் கோர்ன் ஷெல்லில்தான் முதலில் கண்டேன். 4.2 பிஎஸ்டி சிம்லிங்க்கைக் கொண்டுவந்ததும், டேவிட் கோர்ன் தம் ஷெல்லை யூசெனிக்ஸ் மாநாட்டில் முன்வைத்ததும் ஒரே ஆண்டு, 1983. பழைய போர்ன் ஷெல்லுக்கு வந்த வழி நினைவிருக்காது. ‘/வீடு/வேலை’ என்ற சிம்லிங்க் வழியே உள்ளே போனவன் திரும்பினால் ‘/வட்டு3/கிடங்கு’ என்று எங்கோ நடுத்தெருவில் நிற்பான். கோர்ன் ஷெல்லோ நாம் அடித்த பாதையைப் பிடபிள்யூடி மாறியில் பத்திரப்படுத்தி, புள்ளி புள்ளி வந்ததும் அதன் கடைசிப் பெயரை மட்டும் கிள்ளியெறியும். அவ்வளவுதான் வித்தை. பின்னால் போசிக்ஸ் அதையே இயல்பாக்கியது. பாஷும் அதே வழி.

ஜொகூர்க்காரனுக்கு இது சட்டென்று பிடிபடும். 1998இல் திறந்த இரண்டாம் பாலத்தில் துவாஸிலிருந்து வந்தவன், திரும்பும்போது தஞ்சோங் குப்பாங்குக்கே வண்டியை விடுவான். ‘அசல் வாசல் 1924இன் காஸ்வேதான்’ என்று அவனை ஜாமில் நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

‘சிடிக்கு மைனஸ் பி போடு, உள்ளது உள்ளபடி தெரியும்’ என்றொரு கட்சி உண்டு. தெரியட்டும்; கிடங்கின் முகவரி எனக்கெதற்கு? டிசிஷெல்லின் ‘எக்ஸ்பாண்ட்’ மற்றக் கட்டளைகளின் பாதையையும் திருத்தப் பார்க்கும், ஆனால் எது பாதை என்று அதுவே ஊகிக்க வேண்டும். ராப் பைக் 2000இல் பிளான் 9 இயங்குதளம் பற்றி எழுதியதுதான் உறுத்துகிறது: ஷெல் மட்டும் நாகரிகமாக நடந்து என்ன பயன், கர்னலும் மற்ற நிரல்களும் ஒத்துப்போக வேண்டாமா? நியாயம்தான். கோர்னிலும் ‘எல்எஸ் ..’ கிடங்கைத்தான் விரிக்கும். ஒருநாள் லாக் கோப்புகளை ‘எம்வி’யால் ‘..’க்கு நகர்த்திவிட்டு, ‘சிடி ..’ போட்டுத் தேடினேன். ஒன்றையும் காணோம். பக்கத்திலிருந்த தே தாரிக் ஆறி ஏடு கட்டியது.

இப்போது கூலாய், செடெனாக் பக்கமெல்லாம் தரவு மையங்கள். உள்ளே இருக்கும் பிள்ளைகளோ முழுப் பாதையையும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள். பிராம்ப்டில் கடைசிப் பெயர் மட்டும் மின்னுகிறது. நடந்து போகும் சுகமே போச்சு. போன வாரம் ஒரு பையன் மட்டும் வந்தான்: “அண்ணே, வெறும் பிடபிள்யூடி ஒண்ணு சொல்லுது, ‘/பின்/பிடபிள்யூடி’ வேற சொல்லுது, ஏன்?”

வீட்டுக்குக் கிளம்பியவன் பையை இறக்கிவைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.