செசாரியோ வெர்தே: கடையும் கவிதையும்

போர்த்துக்கீசிய இலக்கியம் என்றதும் நம் ஆய்வுலகில் கமோயிஷும் பெசோவாவுமே நினைவுகூரப்படுவர். 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் செசாரியோ வெர்தே (1855-1886) அரிதாகவே பேசப்படுகிறார். லிஸ்பனில் இரும்புச் சாமான் வணிகரின் மகனாகப் பிறந்த இவர், தந்தையின் கடையிலும் லிண்டா-அ-பஸ்தோராவிலிருந்த குடும்பப் பண்ணையிலும் உழைத்து, 31ஆம் அகவையில் காசநோயால் மறைந்தார். வாழ்நாளில் இவர் கவிதைகள் நூலுருப் பெறவில்லை. நண்பர் சில்வா பிந்து 1887இல் பதிப்பித்த தொகுப்பே இவரைக் காத்தது.

அப்பதிப்பின் பயன் மறுக்கவியலாதது. ஆயினும் கவிதைகளைக் கற்பனாவாத நெருக்கடி, இயல்பானவை என இரண்டாகப் பகுத்ததன் வாயிலாக, மயக்கத்திலிருந்து தெளிவுக்கு வந்த ஒருவரின் வரலாற்றையும் அது புனைந்துவிட்டது. 1874இல் ரமால்யு ஓர்த்திகாவின் ஏளனத்துக்கு ஆளான 'எஸ்ப்ளெண்டிடா' அதில் இடம்பெறவே இல்லை. பிற்காலத்தில் பெசோவா, அல்பெர்த்தோ கயெய்ரோ என்னும் தம் புனைபெயராளுமையின் வாயிலாக, வெர்தேயை நகரில் சிறைப்பட்ட நாட்டுப்புறத்தான் என்று இரங்கினார். இரு சித்திரங்களிலும் கடைக்கு இடமில்லை. இருந்தால் அது தடையாகவே இருக்கும்.

கவிதைகளோ வேறு கூறுகின்றன. வேலைக்குச் செல்லும் ஒருவன் காய்கறி விற்கும் பெண்ணைக் காணும் கவிதையில், மாடிப்படியில் நிற்கும் பணியாள் பேரத்தை முடித்துக் காசை வீசுகிறான். அது களிம்பேறிய செப்புக்காசு என்பதையும், கனிகளின்மேல் வந்து விழுவதையும் கவிஞர் விடாது குறிக்கிறார். உலோகத்தை நாள்தோறும் கையாண்டவரின் கண் இது என்பதே நம் கருத்து. பின்னர்க் கூடையைத் தூக்கிவிடக் கைகொடுப்பவனும் அவனே. 1876இல் வந்த மற்றொரு கவிதையில், பத்திரிகை தம் பாடலை மறுத்ததற்குச் சினக்கும் கவிஞன், எதிர்வீட்டில் துணி தேய்க்கும் பெண்ணைக் காண்கிறான். மருந்துக்கடையில் அவளுக்குக் கடன். அவளருகே அவன் சினம் சிறுத்துப்போகிறது. கூலியும் விலையும் கடனும் இக்கவிதைகளின் பின்னணி அல்ல, பொருளே அவைதாம்.

1880இல் கமோயிஷ் முந்நூற்றாண்டு நினைவு மலரில் வந்த லிஸ்பன் அந்திப்பொழுது பற்றிய நெடுங்கவிதை, இன்று அவருடைய தலைசிறந்த படைப்பாகப் போற்றப்படுகிறது. அன்று அதனை எவரும் பொருட்படுத்தவில்லை என அவரே ஒரு கடிதத்தில் வருந்தியுள்ளார். இறுதி நோயில் மருத்துவர் தொழிலை வினவியபோது, வணிக ஊழியர் என்று மட்டும் விடையளித்தார் என்பர். இதனைத் தன்னடக்கம் என்றோ கசப்பு என்றோ கொள்வது வழக்கம். உண்மையைச் சொன்னார் என்று கொள்வதே பொருந்தும்.