ஐந்தாம் அளவுகோல்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பயிற்சி முகாம் ஒன்று நடந்தது. வந்தவர்கள் மாணவியர் கையில் ஓர் ஆளுமை வினாப்பட்டியலைக் கொடுத்து அரைமணி நேரத்தில் நிரப்பச் சொன்னார்கள். மறுநாள் முதுகலை மாணவி ஒருத்தி மதிப்பெண் தாளோடு என் அறைக்கு வந்தாள். ‘உணர்ச்சிச் சமநிலை: குறைவு. இணக்கம்: குறைவு’ என்று அதில் அச்சாகியிருந்தது. “நான் அப்படிப்பட்டவளாம்மா?” என்று கேட்டாள்.

என்னவெல்லாம் கேட்டார்கள் என்றேன். நினைவிலிருந்து சொன்னாள். எளிதில் கவலைப்படுவீர்களா என்பதற்கு ‘ஆம்’ என்று குறித்திருக்கிறாள். ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தை ஒருநாள் தவறவிட்டாலும் படிப்பை நிறுத்திவிடுவோம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்கள். நான்கு மணிக்கு மேல் சிறப்பு வகுப்பு என்றாலே அவளுக்கு வயிறு கலங்கும். வாக்குவாதத்தைத் தவிர்ப்பீர்களா என்பதற்கு ‘இல்லை’. வாக்குவாதம் செய்துதான் அவள் முதுகலைக்கே வந்தாள்.

உளவியல் என் துறை அன்று. ஆனால் வினாப்பட்டியலும் ஒரு பிரதிதான். பிரதியைப் படிப்பது என் வேலை. அந்த உரிமையில் இந்தச் சோதனைகளின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

1936இல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மனும் காதரின் காக்ஸ் மைல்ஸும் பாலினமும் ஆளுமையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். ஆண்மை ஒரு முனை, பெண்மை எதிர்முனை. ஒவ்வொருவரும் அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறார் என்று அளப்பது அவர்கள் உருவாக்கிய சோதனையின் நோக்கம். எழுதுபவர்கள் நோக்கத்தை அறிந்துவிடக் கூடாது என்று அதற்கு மனப்பான்மை, ஆர்வம் பற்றிய ஆய்வு என்று பொதுப்பெயர் சூட்டினார்கள். மைல்ஸ் ஒரு பெண் என்பதையும் சொல்ல வேண்டும். அளவுகோலைச் செய்தவர்களில் ஒரு பெண் இருந்ததாலேயே அது பெண்ணின் பார்வையாகிவிடவில்லை.

அடுத்து வந்ததுதான் பெரும்புகழ் பெற்றது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாத்தவே, மெக்கின்லி இருவரும் உருவாக்கி 1943இல் வெளியிட்ட மினசோட்டா ஆளுமைப் பட்டியல். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள்; ஒவ்வொன்றுக்கும் ‘உண்மை’ அல்லது ‘பொய்’ என்று குறிக்க வேண்டும். அதன் ஐந்தாம் அளவுகோல் ஆண்மை–பெண்மை. அது உருவான விதத்தைப் படித்தபோது வாயடைத்துப் போனேன். தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 13 பேரின் விடைகளை 54 ஆண் படைவீரர்களின் விடைகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். துணைக்கு விமான நிறுவனங்களில் வேலை பார்த்த 67 பெண்களின் விடைகள். கோடிக்கணக்கான பெண்களை அளக்கப்போகும் பெண்மையின் மையத்தில் நின்றவர்கள் பெண்களே அல்லர். அன்றைய மருத்துவம் நோயாளிகளாகக் கருதிய 13 ஆண்கள். பெண்களுக்கெனத் தனி அளவுகோல் செய்ய முயன்று அது கைகூடாமல் போகவே, அதே அளவுகோலைத் தலைகீழாகத் திருப்பிப் பெண்களுக்கும் வைத்தார்கள். 1989இல் பட்டியல் திருத்தப்பட்டபோதும் ஐந்தாம் அளவுகோல் நீக்கப்படவில்லை. கவிதை பிடிக்கும் என்பது அதில் பெண்மையின் அடையாளங்களில் ஒன்று. நம் சங்கப் புலவர்கள் அத்தனை பேரும் இந்தச் சோதனையை எழுதியிருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. 1970இல் இங்கே ப்ரோவர்மனும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள் என 79 பேரை மூன்று குழுக்களாக்கி, மனநலமுள்ள ஆண், மனநலமுள்ள பெண், பால் குறிப்பிடப்படாத மனநலமுள்ள மனிதர் என ஆளுக்கொருவரை விவரிக்கச் சொன்னார்கள். மனிதரைப் பற்றிய விவரிப்பும் ஆணைப் பற்றிய விவரிப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பெண் மட்டும் வேறாக இருந்தாள்: அதிகம் பணிபவள், தற்சார்பு குறைந்தவள், எளிதில் பிறர் சொல்லுக்கு ஆட்படுபவள். பணிந்துபோனால் அவள் முழுமனிதர் ஆகமாட்டாள். பணியாவிட்டால் நல்ல பெண் ஆகமாட்டாள். என் மாணவியின் தாளில் ‘இணக்கம்: குறைவு’ என்று பார்த்தபோது இந்த இரண்டு வாசல்களும் என் நினைவுக்கு வந்தன.

சாண்ட்ரா பெம் 1974இல் அந்த ஒற்றைக் கோட்டை உடைத்தார். ஆண்மையும் பெண்மையும் எதிர்முனைகள் அல்ல, ஒருவரிடமே இரண்டும் மிகுந்திருக்கலாம் என்றார். அவருடைய பட்டியலில் 60 பண்புகள். ஆண்மைக்கு 20, பெண்மைக்கு 20, பொதுவாக 20. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பெண்மையின் இருபதில் இரக்கத்தோடும் பாசத்தோடும் எளிதில் ஏமாறுதல், குழந்தைத்தனம், கூச்சம் ஆகியவையும் இருக்கின்றன. அமெரிக்கச் சமூகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் எதை விரும்பத்தக்கதென நினைக்கிறது என்று மாணவர்களைக் கேட்டுத் தொகுத்ததன் விளைவு அது. தொல்காப்பியம் அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்கு உரியவையாக வைத்ததைப் பாடம் நடத்தும் எனக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தெரியவில்லை. சமூகத்தின் விருப்பம் இரண்டிடத்திலும் பெண்ணின் இயல்பாக எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கு எதிரான குரல்கள் 1968இலேயே எழுந்துவிட்டன. வால்டர் மிஷல், ஆளுமையும் அதன் மதிப்பீடும் பற்றிய தம் நூலில், ஒருவரின் பண்பு மதிப்பெண்ணைக் கொண்டு அவர் ஒரு குறிப்பிட்ட சூழலில் எப்படி நடந்துகொள்வார் என்பதை மிகக் குறைவாகவே கணிக்க முடிகிறது என்று காட்டினார். அதே ஆண்டில் நவோமி வைஸ்டீன், பெண்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள் என்பது பற்றி உளவியலுக்குச் சொல்ல எதுவுமில்லை, ஏனென்றால் அவர்கள் வாழும் சமூகச் சூழலை அது பார்ப்பதேயில்லை என்று எழுதினார்.

இவர்கள் சொன்ன சூழலைக் கையாள நம்மிடம் பழைய கருவி ஒன்று இருக்கிறது. அகப்பாடலை நடத்தும்போது முதலில் என்ன கேட்கிறோம்? இது யார் கூற்று, கேட்போர் யார், களன் எது, காலம் எது? செய்யுளின் உறுப்புகளாகத் தொல்காப்பியம் இவற்றையும் எண்ணுகிறது. ‘வருந்துகிறேன்’ என்று தலைவி சொன்னால், இரவுக்குறியில் தோழியிடம் சொல்கிறாளா, பிரிவில் தனக்குத்தானே சொல்கிறாளா என்று பார்க்காமல் யாரும் பொருள் எழுதுவதில்லை. அவள் வருந்தும் சுபாவம் உடையவள் என்று எந்த உரையாசிரியரும் முடிவு கட்டியதில்லை. வினாப்பட்டியலோ களனையும் காலத்தையும் அறுத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கேட்போர் யார் என்பதையும் சொல்வதில்லை. அந்த முகாமில் கேட்போர், வேலை தரப்போகும் நிறுவனம்.

சோதனைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனச்சோர்வில் தவிக்கும் ஒருத்தியை அடையாளம் காண ஒரு வினாப்பட்டியல் உதவலாம். தேர்ந்த உளவியலாளர் அவளிடம் பேசி, அந்தப் பேச்சோடு சேர்த்துத்தான் மதிப்பெண்ணைப் படிப்பார். அரைமணி நேரத் தாளை வாங்கிக்கொண்டு போனவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தாளின் பின்பக்கத்தில், நினைவிருக்கும் ஒவ்வொரு வினாவுக்கும் களனும் காலமும் எழுதிவரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தாள். பக்கம் போதாமல் இன்னொரு தாளை இணைத்திருந்தாள். கவலை என்பதற்கு நேரே ‘பேருந்து நிலையம், மாலை 5.40’ என்று எழுதியிருந்தது. “இதையும் அவங்ககிட்ட கொடுக்கலாமாம்மா?” என்றாள். கொடுக்கலாம் என்றேன். வேலைவாய்ப்பு அலுவலரிடம் இருவரும் சேர்ந்தே போனோம்.