சோக்கோல் விழா அஞ்சலட்டைகள்: சேகரிப்பு பற்றிய ஒரு மதிப்பீடு

சோக்கோல் விழா அஞ்சலட்டைகள் என்பவை செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரில் 1882 முதல் நடைபெற்ற மாபெரும் உடற்பயிற்சி விழாக்களையொட்டி அச்சிடப்பட்ட பட அட்டைகள் ஆகும். இவற்றோடு சிறிய விளம்பர வில்லைகளும் வெளியாயின. இன்று இவை இரண்டும் உலகெங்கும் சேகரிப்பாளர்களால் விரும்பித் தேடப்படுகின்றன. ஆனால் பெரும்பாலும் அவற்றின் படத்துக்காகவே தேடப்படுகின்றன. படத்துக்கு அப்பால் இத்தாள்கள் கூறும் செய்தி என்ன, அதைப் படிக்கும் முறை காவிரிப் படுகையின் விழாக்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விழாவின் பின்னணி

சோக்கோல் என்னும் செக் சொல்லுக்கு வல்லூறு என்பது பொருள். 1862இல் மிரோஸ்லாவ் டிர்ஷ், இந்த்ரிச் ஃபூக்னர் ஆகிய இருவரும் இப்பெயரில் ஓர் உடற்பயிற்சிச் சங்கத்தைத் தொடங்கினர். அப்போது செக் மக்கள் ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தனர். தனி அரசு இல்லாத மக்கள், தங்களை ஓர் இனமாகக் காட்டிக்கொள்ள உடற்பயிற்சியை ஒரு வழியாகக் கொண்டனர். சங்கத்தின் பெருவிழாவுக்கு ‘ஸ்லெட்’ என்று பெயர். பறவைகள் கூட்டமாக வந்து கூடுவதை இச்சொல் குறிக்கும்.

நம் பள்ளிகளின் விளையாட்டு விழாவில் மாணவர்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் கையை உயர்த்திச் செய்யும் ‘மாஸ் டிரில்’ பலருக்கும் நினைவிருக்கும். அதையே பல்லாயிரம் பேர் ஒரே திடலில் செய்வதாக எண்ணிக்கொண்டால் ஸ்லெட் விழா விளங்கும். 1901ஆம் ஆண்டு விழாவில் பெண்களும் திடலில் இறங்கினர். 1918இல் செக்கோஸ்லோவாக்கியா விடுதலை பெற்றது. அதன்பின் 1926 முதல் ஸ்ட்ராகோவ் குன்றின் மேல் அமைந்த பெருந்திடலில் விழா நடந்தது. 1941இல் நாஜி ஆட்சி சங்கத்தைத் தடை செய்தது. போருக்குப் பின் 1948இல் ஒரு விழா நடந்தது. அதன்பின் கம்யூனிஸ்ட் அரசு ஸ்லெட்டுக்கு மாற்றாக 1955 முதல் ஸ்பார்ட்டாகியாட் விழாக்களை நடத்தியது. ஸ்லெட் 1994இல் மீண்டும் உயிர்பெற்றது.

அட்டையும் வில்லையும்

அஞ்சலட்டை முதன்முதலில் 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில்தான் வெளியானது. இந்தியாவுக்கு அது 1879இல் கால் அணா விலையில் வந்தது. எனவே ஸ்லெட் விழாக்கள் வளர்ந்த காலமும் அஞ்சலட்டை பரவிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. விழாவுக்கு வந்தவர் ஓர் அட்டையை வாங்கி, நான்கு வரி எழுதி, ஊருக்கு அனுப்பினார்.

விளம்பர வில்லை என்பது அஞ்சல்தலை போலத் தோன்றும், ஆனால் அஞ்சல் மதிப்பு இல்லாத ஒட்டுத்தாள். நம் பள்ளிகளில் அக்டோபர் 2ஆம் நாளையொட்டி விற்கப்பட்ட காசநோய் ஒழிப்பு வில்லைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் தன்மை எளிதில் புரியும். அதைக் கடிதத்தில் ஒட்டினால் கடிதம் போகாது. ஆனால் ஒட்டியவர் எந்தப் பணியை ஆதரிக்கிறார் என்பது தெரியும்.

புகழ்பெற்ற ஓவியர்களும் இவ்விழாக்களுக்கு வரைந்தனர். 1912ஆம் ஆண்டு விழாவுக்கு அல்ஃபோன்ஸ் முக்கா வரைந்த சுவரொட்டி இன்றும் பேசப்படுகிறது. விடுதலைக்குப் பின் நாட்டின் முதல் அஞ்சல்தலைகளை வரைந்தவரும் அவரே. விழாவின் கலையும் நாட்டின் அஞ்சல்தலையும் ஒரே கையில் பிறந்தன என்பது கவனிக்கத்தக்கது.

படப்பக்கமும் எழுத்துப்பக்கமும்

சேகரிப்பாளர்கள் செய்யும் முதல் பிழை இங்கேதான் தொடங்குகிறது. ஓவியர் பெயர், வண்ணம், மடிப்பில்லாத ஓரம் ஆகியவற்றை வைத்தே அட்டைக்கு விலை பேசப்படுகிறது. எழுதாத அட்டை உயர்ந்தது, எழுதிய அட்டை தாழ்ந்தது என்ற எண்ணமும் உண்டு.

ஆனால் ஓவிய அட்டையும் வில்லையும் விழாவுக்கு முன்பே அச்சாகிவிடுபவை. விழா எப்படி இருக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர் விரும்பினாரோ அதையே அவை காட்டும். விழா எப்படி நடந்தது என்பதை எழுத்துப்பக்கமே காட்டும். அனுப்பியவர் யார், எந்த ஊருக்கு அனுப்பினார், முத்திரையில் எந்த நாள் உள்ளது என்பவை அங்கேதான் உள்ளன.

1948ஆம் ஆண்டு விழா இதற்குச் சிறந்த சான்று. அவ்வாண்டு பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. ஜூன் மாதம் குடியரசுத் தலைவர் பெனஷ் பதவி விலகினார். விழா ஊர்வலத்தில் சென்ற சோக்கோல் உறுப்பினர்கள் பெனஷ் பெயரைச் சொல்லி முழக்கமிட்டனர். புதிய தலைவர் கோட்வால்ட் நின்ற மேடையைக் கடக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். அவ்விழாவுக்கென முன்கூட்டியே அச்சிட்ட அஞ்சல்தலைகளில் இந்த எதிர்ப்பு இடம்பெற வழியே இல்லை. அஞ்சல்தலையை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் 1948ஆம் ஆண்டு விழா அமைதியாக முடிந்த விழாவாகவே தோன்றும்.

படங்களிலும் ஒரு குறை உண்டு. ஒரே சீருடை, ஒரே அசைவு என்ற காட்சி, நாடு முழுவதும் ஒன்றாக நின்றது என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆனால் அதே நகரில் வாழ்ந்த ஜெர்மன் மொழியினருக்குத் தனி உடற்பயிற்சிச் சங்கங்கள் இருந்தன. ‘அனைவரும்’ என்று படம் காட்டும்போது அந்த அனைவரில் யார் இல்லை என்றும் கேட்க வேண்டும்.

திருவையாறு: ஓர் ஒப்பீடு

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து காவிரியோடு கிழக்கே சென்றால் வருவது திருவையாறு. ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டி அங்கு நடக்கும் தியாகராசர் ஆராதனையில் நூற்றுக்கணக்கான இசைக்கலைஞர்கள் அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஒரே குரலில் பாடுகின்றனர். ஸ்லெட் திடலில் உடல்கள் செய்வதை இங்கே குரல்கள் செய்கின்றன எனலாம்.

இந்திய அஞ்சல்துறை 1961இல் தியாகராசருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. சேகரிப்பாளரின் ஏட்டில் அது தவறாமல் இருக்கும். ஆனால் அந்தத் தலை காட்டாத வரலாறு ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராதனை ஒரே விழாவாக நடக்கவில்லை. பெரிய கட்சி, சின்ன கட்சி என இரு தரப்பினர் தனித்தனியே நடத்தினர். பெண்கள் அங்கே பாட இடமில்லை. தியாகராசர் சமாதியில் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், பெண்கள் பாடுவதற்கெனத் தனியே ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் இத்தரப்புகள் ஒன்றிணைந்தன.

இந்த வரலாற்றை அறிய உதவுவது அஞ்சல்தலை அன்று, அழைப்பிதழும் துண்டறிக்கையுமே. எந்தத் தரப்பு எந்த நாளில் அழைத்தது, யாருடைய பெயர் மேலே அச்சாயிற்று, யாருடைய பெயர் அச்சாகவே இல்லை என்பதை அவையே சொல்லும். அழகில்லாத ஒற்றைத்தாள் என்பதால் அவையே முதலில் குப்பைக்குப் போகின்றன.

பெரியகோயிலின் ஆயிரமாம் ஆண்டு விழா 2010 செப்டம்பரில் தஞ்சாவூரில் நடந்தபோது ஆயிரம் பரதநாட்டியக் கலைஞர்கள் ஒன்றாக ஆடினர். அரசின் சார்பில் அஞ்சல்தலையும் நாணயமும் வெளியாயின. அவை எப்படியும் பாதுகாக்கப்படும். ஆடச் சென்ற ஒரு மாணவியின் அடையாள அட்டையையும், அவளை அழைத்துச் சென்ற நடனப்பள்ளியின் அறிவிப்புத் தாளையும் எடுத்துவைக்க அவள் வீட்டாரைத் தவிர வேறு யாரும் இல்லை.

சேகரிப்பு முறை பற்றி

பள்ளி அஞ்சல்தலை மன்றங்களில் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கக் கற்பிப்பது வழக்கம். உறை கிழியும், முத்திரை பாதியாகும், முகவரி போகும். தலை மட்டும் மிஞ்சும். சோக்கோல் தாள்களிலிருந்து கற்க வேண்டியது இதற்கு நேர்மாறான பாடம். அட்டை, வில்லை, தலை, முத்திரை, எழுத்து ஆகிய ஐந்தையும் பிரிக்காமல், எந்த விழாவைச் சேர்ந்தது என்ற குறிப்போடு வைக்க வேண்டும்.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நாடகத் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பின் 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அத்தொகுப்பின் மேல் எழுந்ததே. அன்று பலருக்கும் வேண்டாத தாளாகத் தோன்றியது இன்று ஆய்வாளர்களின் மூலச்சான்றாக நிற்கிறது.

முடிவு

சோக்கோல் அஞ்சலட்டைகளின் அழகு மறுக்கத்தக்கதன்று. ஆனால் அவற்றின் உயர்ந்த மதிப்பு, ஒரு மக்கள் கூட்டம் தன்னைத் தானே எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதையும், அக்கூட்டத்தில் நின்ற ஒருவர் உண்மையில் என்ன எழுதினார் என்பதையும் ஒரே தாளின் இரு பக்கங்களில் வைத்திருப்பதே. திருக்காட்டுப்பள்ளி போன்ற ஓர் ஊரில் கோயில் திருவிழாப் பத்திரிகையும் பள்ளி விளையாட்டு விழா அழைப்பிதழும் ஆண்டுதோறும் அச்சாகின்றன. ஒரு மாணவர் அவற்றை ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து, பின்புறத்தில் நாளையும் இடத்தையும் பென்சிலால் குறித்துவைத்தால் போதும். பத்து ஆண்டுகளில் அது அவ்வூரைப் பற்றி எந்த அஞ்சல்தலையும் சொல்லாத செய்திகளைச் சொல்லும்.