கொரியாவின் காலும் காரியாபட்டிக் கம்பும்

காரியாபட்டிப் பக்கம் பொங்கல், முளைப்பாரி நாள்களில் சிலம்பம் என்றால் கூட்டத்தின் கண் கம்பின் மேல் இருக்கும். வாத்தியார் கண் காலில் இருக்கும். கால்வரிசை பிசகினால், கம்பு எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் "நிறுத்துடா" என்பார்.

கொரியாவின் தெக்கியோன் என்ற தற்காப்புக் கலையைப் படத்தில் பார்த்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. முழங்காலைத் தளர்த்தி, முக்கோணமாக அடி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள். அசந்த நேரத்தில் எதிராளியின் காலைத் தட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். பார்க்கிறவனுக்கு அது ஆட்டம், விழுந்தவனுக்கு இல்லை. 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கலை இது.

கொரியக் கலைகளில் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களை எட்டியதென்னவோ டேக்வாண்டோதான். இரண்டாயிரம் ஆண்டுக் கலை என்று சொல்லித் தருவார்கள். பெயர் வைத்ததே 1955இல்; முதல் தலைமுறை ஆசான்களில் பலர் கராத்தே பயின்றவர்கள். 1790இல் தொகுத்த 'முயே தோபோ தோங்ஜி' என்ற கொரியப் போர்க்கலை நூலில் 24 பயிற்சிகள். பெரும்பாலும் வாள், ஈட்டி, குதிரைச் சண்டை. கம்புக்குக்கூட இடம் உண்டு, வெறுங்கைக்கு ஒரே பகுதி. சிலம்பத்துக்கு ஐயாயிரம் வயது என்று மேடையில் முழங்கும் நம்மவர்களும் இதே ரகம்தான்.

ஆனாலும் டேக்வாண்டோ சாதித்தது பெரிது. சியோலில் கற்கும் அதே வரிசையை விருதுநகரிலும் கற்கலாம். அப்பாவுக்கு வேலை மாறினால் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டானதற்கு அந்த ஒழுங்கே அடிப்படை. நம்மிடம் வாத்தியாருக்கு வாத்தியார் அடவின் பெயரே மாறும். சிலர் அடவைச் சொல்லித்தராமலே போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த ஒழுங்குக்கு விலையும் உண்டு. உதை பட்டதை உணர்ந்து புள்ளி பதியும் மின்கவசம் வந்தபின், முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டித் தட்டிப் புள்ளி எடுக்கும் ஆட்டம் பெருகியது. சுழன்று உடலில் உதைத்தால் 4, தலையில் உதைத்தால் 5 என்று புள்ளியைக் கூட்டி அதைச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள்.

சிலம்பமும் அதே பாதையில் காலெடுத்து வைத்திருக்கிறது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டது; 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியாவில் காட்சி விளையாட்டாக அரங்கேறியது. நல்லதுதான். ஆனால் தனித்திறமைப் போட்டியில் காலைப் பார்க்கும் நடுவர், இருவர் மோதும் தொடுமுறையில் கம்பு பட்டதா என்றுதான் பார்க்கிறார். பையன்கள் எதைப் பழகுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

தெக்கியோனில் ஒரு விதி உண்டு. எதிராளிக்கு எட்டும் தூரத்தில் ஒரு காலை வைத்தே ஆகவேண்டும். விலகி விலகி ஓட முடியாது. அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு உபசரிப்பு என்று பொருள். தொடுமுறைக்கு விதி எழுதுகிறவர்கள் கொரியாவிடம் கடன் வாங்குவதானால் இதை வாங்கலாம்.